பூனை வாங்கும் கடன்

பிப்ரவரி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் எங்கள் வீட்டுக் கறுப்புப் பூனையின் முதுகில் வெள்ளைத் துகள்கள் தெரிய ஆரம்பித்தன. வால் முளைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, கோலமாவு சிந்தியது போல. தட்டினால் உதிர்ந்தது; மறுநாள் மறுபடி வந்தது. வெள்ளைப் பூனையாக இருந்திருந்தால் கவனித்தே இருக்க மாட்டேன்.

பெங்களூரைக் குளிர்ந்த ஊர் என்று சொல்லிச் சொல்லியே அது உலர்ந்த ஊரும்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கடலை விட்டு வெகு தூரம் தள்ளி, தக்காண மேட்டில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். பிப்ரவரி, மார்ச் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சென்னையிலிருந்து வரும் உறவினர்களுக்கு உதடு வெடிக்கும். குளித்துவிட்டு வந்தால் கால் தோல் வெளிறிக் கோடு விழும். பூனைக்கும் அதே காற்றுதான்.

"தேங்கா எண்ணெய் கொஞ்சம் தடவி விடு கண்ணு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் கீழ்வீட்டு அம்மா. அல்சூரில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறவர். அவர் கையால் தயிர்சோறு தின்று வளர்ந்த தெருப்பூனைகளுக்குக் கணக்கில்லை. எங்கள் பூனையும் அவற்றில் ஒன்றுதான். மழைக்காலத்தில் தானாக மாடியேறி வந்து எங்களோடு தங்கிவிட்டது. வந்த பிறகு, பெட் ஷாப்பில் லூஸாக நிறுத்துத் தரும் கேட் ஃபுட்டை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். விலை குறைவு என்பது ஒன்றே காரணம். அந்தத் துகள்களைப் பார்த்த பிறகுதான் பூனையின் தோல் எதனால் ஆனது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எது மலிவு எது விலை கூடியது என்ற என் கணக்கே மாறிப்போனது.

தோலின் வெளி விளிம்பில் இருப்பவை எல்லாம் செத்த செல்கள். அடியில் உயிரோடு பிறந்து, மேலே ஏற ஏறத் தட்டையாகி, உள்ளே கெரட்டின் என்ற புரதம் கெட்டிப்பட்டு, உயிர் விட்ட பிறகே தம் வேலையைத் தொடங்குகின்றன. செங்கல் அடுக்குவது போல அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. செங்கல் மட்டும் இருந்தால் சுவர் ஆகுமா? இடையில் சாந்து வேண்டும். அந்தச் சாந்து முழுவதும் கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். உடலுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுத்து நிறுத்துவது இந்தச் சாந்துதான். நம் உடம்பிலும் அப்படித்தான், பூனையிலும் அப்படித்தான்.

சாந்தில் ஒரு பொருள் மட்டும் தனிச் சிறப்பானது. சில செராமைடு மூலக்கூறுகளுக்கு நீண்ட வால் உண்டு. அந்த வாலின் முனையில் லினோலெயிக் அமிலம் கோத்திருக்கும். ஓர் அடுக்கையும் அடுத்த அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் ஆணி அது. ஆணி போதாமல் போனால் சுவர் கசியும். தண்ணீர் வெளியேறுவதை உணர்ந்த தோல் பதறிப்போய் புதிய செல்களை அவசர அவசரமாக உற்பத்தி செய்து மேலே தள்ளுகிறது. முழுதாக முதிராத அந்தச் செல்கள் ஒன்றையொன்று விடாமல் கொத்தாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆரோக்கியமான தோலும் தினந்தோறும் செல்களை உதிர்க்கிறது. ஒவ்வொன்றாக உதிர்வதால் கண்ணில் படுவதில்லை. கொத்தாக உதிரும்போது அதற்குப் பொடுகு என்று பெயர் வைக்கிறோம். ஒழுகும் கூரையை அடைக்க அவசரத்தில் வைத்த ஓடுகள்தான் கறுப்பு முதுகில் நான் பார்த்த கோலமாவு.

இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவை பூனைகள் அல்ல, எலிகள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி 1929இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணவில் கொழுப்பு என்பது வெறும் எரிபொருள், மாவுச்சத்து அதற்கு ஈடாகிவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. இவர்கள் எலிகளின் உணவிலிருந்து கொழுப்பைத் துளியும் மிச்சமில்லாமல் நீக்கினார்கள். வேறு எல்லாச் சத்தும் இருந்தது, வைட்டமின்களும் இருந்தன. ஆனாலும் எலிகளின் வாலில் செதில் செதிலாகத் தோல் பெயர்ந்தது, முடி கொட்டியது, வளர்ச்சி நின்றது. இன்னொரு விசித்திரமும் இருந்தது. அந்த எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தன. சிறுநீரோ அந்த அளவுக்குக் கூடவில்லை. குடித்த தண்ணீர் எங்கே போயிற்று? தோல் வழியாக ஆவியாகிக்கொண்டிருந்தது. சரியான கொழுப்பு தினம் சில சொட்டு கொடுத்ததும் வால் மெல்லத் தேறியது. மறு ஆண்டே அந்தச் சொட்டுக்குள் இருந்த மருந்து லினோலெயிக் அமிலம் என்று கண்டுசொன்னார்கள்.

இந்த அமிலத்தைத் தாமே உண்டாக்கத் தெரிந்தவை தாவரங்கள். எலிக்கும் பசுவுக்கும் மனிதருக்கும் பூனைக்கும் அது வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பூனை நம்மிடமிருந்து பிரிகிறது.

நாம் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சாப்பிட்டால், அதிலுள்ள லினோலெயிக் அமிலத்தில் ஒரு பகுதியை நம் கல்லீரல் நீட்டி, வளைத்து, அராக்கிடோனிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. காயம் பட்டால் வீங்குவது, ரத்தம் உறைவது, கரு தங்குவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. மாற்றும் வேலையின் முதல் படியைச் செய்வது டெல்டா-6 டிசாச்சுரேஸ் என்ற நொதி. 1975இல் லண்டனில் ரிவர்ஸ், சின்க்ளேர், க்ராஃபோர்ட் என்ற மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள்: பூனையால் இந்த மாற்றத்தைச் செய்ய முடியவில்லை. அடுத்த ஆண்டு சிங்கத்திலும் அதையே கண்டார்கள். பன்னேருகட்டா உயிரியல் பூங்காவில் கூண்டு வண்டிக்குள் உட்கார்ந்து நாம் பார்க்கும் சிங்கமும், அல்சூர் மொட்டை மாடியில் வெயில் காயும் பூனையும் இந்த விஷயத்தில் ஒரே குறையோடு பிறந்தவை. பின்னாளில் வந்த ஆய்வுகள் பூனைக்கு அந்த நொதி சிறிதளவு இருப்பதாகக் காட்டின. ஆனால் எல்லா நிலைகளிலும் பூனையின் தேவைக்கு அது போதும் என்று சொல்ல முடியாது.

குறை என்று சொன்னது ஒருவகையில் தவறு. மெஸ்ஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குகிற பிள்ளைகள் அடுப்பு பற்றவைப்பதில்லை. ஊரிலிருந்து கற்றுக்கொண்டு வந்த சமையலும் இரண்டு வருடத்தில் மறந்துவிடுகிறது. பூனையின் முன்னோர்கள் தின்ற ஒவ்வொரு எலியும் குருவியும் தாவரக் கொழுப்பை ஏற்கெனவே பக்குவம் செய்து தன் உடம்பில் வைத்திருந்தது. சமைத்தது கிடைக்கிற வீட்டில் சமையலறை எதற்கு? இப்படி அடுப்பு அணைந்துபோன அறைகள் பூனையின் உடம்பில் பல. கேரட்டின் மஞ்சள் நிறப் பொருளை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வோம், பூனையால் முடியாது. வெயில் பட்டால் நம் தோல் வைட்டமின் டி செய்யும். பூனை நாளெல்லாம் வெயில் காய்ந்தாலும் போதிய அளவு செய்வதில்லை. டாரின் என்ற சிறு மூலக்கூறை அது மிகக் குறைவாகவே தயாரிக்கிறது. டாரின் இல்லாத பூனையின் விழித்திரை அழிகிறது என்று தெரிந்ததும் அதே 1975இல்தான். 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், இதயம் வீங்கித் தளர்ந்த பூனைகள் டாரின் கொடுத்ததும் பிழைப்பதைக் கண்டார்கள். கடையில் விற்ற உணவுகளைத் தின்றுகொண்டிருந்த பூனைகள் அவை. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் தங்கள் உணவில் டாரினைக் கூட்டின.

ஆடுகோடியில், ஓசூர் சாலையை ஒட்டி, தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் 1995 முதல் இயங்குகிறது. பசு, ஆடு, எருமை வயிற்றின் வேதியியலை ஆராய்வது அங்கே பெரிய வேலை. அந்த வளாகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பசு புல்லைத் தின்கிறது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்தப் புல்லிலிருந்து புரதம் செய்து தருகின்றன, பி வைட்டமின்கள் செய்து தருகின்றன. வயிற்றிலேயே ஓர் ஆலை வைத்திருக்கும் பிராணி பசு. பூனை அதற்கு நேர் எதிர் ஓரத்தில் நிற்கிறது. தன் கையால் செய்வது மிகக் குறைவு. மற்ற உயிர்கள் செய்து வைத்ததைக் கடன் வாங்கித்தான் அது நடக்கிறது, பாய்கிறது, தோலை மூடிக்கொள்கிறது.

தயிர்சோறு இந்தக் கடனில் எதைக் கொடுக்கும்? அரிசியில் கொழுப்பு மிகச் சொற்பம். பால் கொழுப்பில் லினோலெயிக் அமிலம் இரண்டு, மூன்று சதவீதத்துக்குள். டாரின் ஏறக்குறைய இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரையும் செரிக்காது. தயிர்சோற்றில் வளர்ந்ததாக நாம் சொல்லும் தெருப்பூனை உண்மையில் தயிர்சோற்றை மட்டும் தின்று வளரவில்லை. இரவில் அது பிடித்த எலி, பல்லி, கறிக்கடை வாசலில் கிடைத்த கழிவு இவைதாம் அதைக் காப்பாற்றின. அதே பூனையைக் கதவைச் சாத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டு அதே தயிர்சோற்றைப் போட்டால் கணக்கு இடிக்கும்.

இனி அந்தத் தேங்காய் எண்ணெய். கீழ்வீட்டு அம்மாவின் யோசனையில் பாதி சரி என்றுதான் சொல்வேன். கொழுப்புக் குறைபாட்டால் தோல் பெயர்ந்த மனிதர்களின் கையில் சூரியகாந்தி எண்ணெயைத் தடவியே தேற்றியிருக்கிறார்கள். அதுவும் 1975இல் வெளியான ஆய்வு. எண்ணெய் தோல் வழியாக உள்ளே போய்ச் சாந்தில் சேர்ந்தது. ஆனால் வேலை செய்தது அதிலிருந்த லினோலெயிக் அமிலம். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் அது 60 சதவீதம் அளவுக்கு உண்டு. நல்லெண்ணெயில் 40க்கு மேல். கடலை எண்ணெயில் 30 வாக்கில். தேங்காய் எண்ணெயில் இரண்டு சதவீதம் இருந்தால் அதிகம். நம் தலைக்கும் தாளிப்புக்கும் ராஜாவான எண்ணெய் இந்த ஒரு வேலைக்கு வெறுங்கையோடு வருகிறது. தவிர, பூனையின் மேல் தடவியது எதுவானாலும் ஐந்து நிமிடத்தில் அதன் வயிற்றுக்குள் இருக்கும். உள்ளேதான் போகப்போகிறது என்றால் நேராக உணவிலேயே கொடுத்துவிடலாமே.

டேவிஸ் வளாகத்தில் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள் இதை இன்னும் கூர்மையாக்கின. பூனையின் தோல் சுவருக்கு வேண்டியது லினோலெயிக் அமிலமே. அராக்கிடோனிக் அமிலம் வேறு வேலைகளுக்கு, முக்கியமாகத் தாய்ப்பூனை குட்டி ஈனுவதற்கு. ஆகவே தோலுக்காக மட்டும் பார்த்தால் தாவர எண்ணெயிலும் பலன் உண்டு. முழுப் பூனைக்கும் பார்த்தால் இன்னொரு பிராணியின் கொழுப்பு வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொடுகைப் பார்த்ததும் உணவின் மேல் பழி போடுவது பெரும்பாலும் தவறு. நல்ல நிலையில் இருக்கும் முழுமையான கேட் ஃபுட்டைத் தின்னும் பூனைக்கு லினோலெயிக் அமிலம் குறைவது அபூர்வம். துகள் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வாலுக்கு மேலே, நாக்கு எட்டுவதற்குக் கடினமான இடத்தில் மட்டும் இருந்தால், பூனை குண்டாகியிருக்கலாம். அல்லது வயதாகி இடுப்பு மூட்டு வலிக்கலாம். திரும்பி நக்க முடியாத முதுகில் உதிர்ந்தது அப்படியே தங்கும். அந்தப் பூனைக்கு எண்ணெய் கூட்டினால் இன்னும் குண்டாகும். துகள்கள் நகர்வது போலத் தெரிந்தால் அது செயிலெட்டியெல்லா என்ற உண்ணி இனச் சிறு பூச்சி. 'நடக்கும் பொடுகு' என்றே அதைச் சொல்வார்கள். வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரை, நமக்கும் ஒட்டும். சொறிந்துகொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சி இருக்கலாம். தாகம் கூடி உடம்பு இளைத்தால் உள்ளே வேறு நோய். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க ஆகும் செலவு, தெரியாமல் மாற்றி மாற்றி வாங்கும் இரண்டு பாக்கெட் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஹெப்பாலில் 1958 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த ஊரில் நமக்குக் கிடைத்த வரம். இன்னொன்று: நாய்க்கு உண்ணி போக விற்கும் மருந்துகளில் பெர்மெத்ரின் இருப்பவை பூனையைக் கொன்றுவிடும். மலிவு என்று அதை வாங்கித் தடவிவிடாதீர்கள்.

எங்கள் பூனை குண்டு இல்லை, பூச்சி இல்லை, சொறியவும் இல்லை. அதைப் பார்த்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "சார், சாப்பாடு எந்தக் கம்பெனின்னு கேக்கல. எப்படி வெச்சிருக்கீங்க, எத்தனை நாளா?"

மாவைச் சூட்டில் அழுத்திக் கேட் ஃபுட் உருண்டைகளாக்கி, உலர்த்திய பிறகு, கொழுப்பின் பெரும்பகுதியை மேலே தெளிக்கிறார்கள். வாசனைக்கும் அதுதான், சத்துக்கும் அதுதான். ஆக, அந்தக் கொழுப்பு உருண்டையின் மேற்பரப்பில் காற்று படும்படி இருக்கிறது. லினோலெயிக் அமிலத்தின் உடலில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. சாந்துக்குள் அதை இளகிய ஆணியாக்குவதும் அவைதாம். ஆக்சிஜன் வந்து தாக்கும் பலவீனமான இடமும் அவைதாம். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் அடிக்குமே ஒரு காறல் வாடை, அது இந்த அமிலம் உடைந்து சாகும் வாடை. சாகும்போது கூட இருக்கும் வைட்டமின் ஈ-யையும் அழித்துக்கொண்டே போகிறது. பெரிய மூட்டையைப் பிரித்து, வாரக்கணக்கில் கடையில் வைத்து, பாலித்தீன் பையில் கட்டித் தரும் லூஸ் உணவின் மூட்டையில் அச்சடித்த கொழுப்புச் சதவீதம் பூனையின் தட்டில் அப்படியே இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. காலாவதித் தேதியும் கூடவே காணாமல் போகிறது. நான் கிலோவுக்குச் சில பத்து ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்த இடத்தில், பூனைக்கு மிகத் தேவையான பொருள் முதலில் செத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

ஒரே பூனை உள்ள வீட்டுக்கு மலிவு என்பது ஒரு மாதத்தில் தீரும் சீல் வைத்த பாக்கெட். அதைப் பாக்கெட்டோடேயே மூடியுள்ள டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி, நிழலில் வைக்க வேண்டும்.

பாக்கெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்றோ, ஆஃப்கோ, ஃபெடியாஃப் என்ற பெயர்களோடு வளர்ந்த பூனைக்கான முழு உணவு என்றோ இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஆஃப்கோ என்பது அமெரிக்கத் தீவன அதிகாரிகளின் சங்கம். ஃபெடியாஃப் ஐரோப்பிய உற்பத்தியாளர்களின் அமைப்பு. ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த பூனைக்குப் புரதம் குறைந்தது 26 சதவீதம், கொழுப்பு 9, லினோலெயிக் அமிலம் 0.6, அராக்கிடோனிக் அமிலம் 0.02 என்கிறது ஆஃப்கோ. அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான் பூனை கேட்பது. அது இல்லாமல் வம்சம் தழைக்காது.

'ஈரம் நீக்கிய கணக்கு' என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ட்ரை ஃபுட் பாக்கெட்டில் புரதம் 30 என்றும் வெட் ஃபுட் பவுச்சில் 9 என்றும் போட்டிருக்கும். பார்த்தவுடன் பவுச் ஏழை என்று தோன்றும். பவுச்சில் 82 சதவீதம் தண்ணீர். மீதி 18இல் 9 என்றால் பாதிக்குப் பாதி புரதம். ட்ரை ஃபுட்டில் 10 சதவீதம் ஈரம் போக 90இல் 30, அதாவது மூன்றில் ஒரு பங்கு. சத்தில் பவுச் பணக்காரன். தண்ணீரும் அதிலேயே வந்துவிடுவதால் சிறுநீர்ப் பைக்கும் நல்லது. ஆனால் விலை?

நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிலோகலோரி போதும். ட்ரை ஃபுட் 100 கிராமில் 350 முதல் 400 வரை இருக்கும். ஆக 60 கிராம் அளவில் ஒரு நாள் கழிந்துவிடும். கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 18 ரூபாய். 600 ரூபாய் என்றால் 36. பவுச் மட்டுமே கொடுப்பதென்றால் நாளுக்கு மூன்று, நான்கு வேண்டும். ஒன்று 45 ரூபாய் என்றால் 135 ரூபாய்க்குக் குறையாது. கூலி வேலை செய்து பூனை வளர்க்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களிடம் பவுச்தான் நல்லது என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த 18 ரூபாயில் என்ன செய்ய முடியும் என்பதே சொல்லத் தகுந்த விஷயம்.

செய்ய முடிவது நிறைய. மலிவான, ஆனால் முழுமையான, சீல் வைத்த ட்ரை ஃபுட் அடித்தளம். அதன்மேல் நாமக்கல் முட்டை. ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் லினோலெயிக் அமிலமும் 70 மில்லிகிராமுக்கு மேல் அராக்கிடோனிக் அமிலமும் இருக்கிறது. நம் நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய குறைந்தபட்சம் முறையே ஏறத்தாழ 360, 12 மில்லிகிராம். அரை மஞ்சள் கரு ஒரு நாள் கடனை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. கோழி தானியத்தைக் கொத்தி, நம் பூனைக்கு அணைந்துபோன அதே அடுப்பில் சமைத்து, ஓட்டுக்குள் பூட்டிக் கொடுத்திருக்கிறது. வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம், தோலுக்கு வேண்டிய பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழு மஞ்சள் கருவில் 55 கிலோகலோரி உண்டு, பூனையின் ஒருநாள் உணவில் கால்வாசி. எனவே அரை வீதம், வாரம் இரண்டு மூன்று நாள் என்று நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது மத்தி. மங்களூர்க்காரர்கள் பூதாய் என்பார்கள், நாகர்கோவில் பக்கம் சாளை. மேற்குக் கடற்கரையிலிருந்து வருவதால் பெங்களூர் மீன் கடைகளில் விலை குறைந்த மீன்களில் இதுவும் ஒன்று. சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கு முன்னால் கூட்டம் நிற்கும்போது, ஓரத்தில் கூடையில் கிடக்கும் மத்தியில்தான் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் செறிந்திருக்கின்றன. கடல் நுண்பாசிகள் உண்டாக்கியவை அவை. பாசியைத் தின்ற மத்தியின் கொழுப்பில் சேர்ந்து வருகின்றன. சுவரின் ஆணி அல்ல அவை. தோலின் எரிச்சலையும் வீக்கத்தையும் தணிக்கிறவை. ஆளிவிதை எண்ணெயில் ஒமேகா-3 உண்டு என்று சொல்லி விற்பார்கள். அதை இபிஏவாக மாற்றப் பூனைக்கு அந்த அணைந்த அடுப்பேதான் வேண்டும், ஆகவே அந்தச் செலவு பெரும்பாலும் வீண்.

மத்தியைத் தண்ணீரில் மட்டும் வேகவைக்க வேண்டும். நம் மீன் குழம்பில் மிஞ்சியதைப் போடக் கூடாது: வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாடும் வேண்டாம், உப்பு ஒரு பக்கம், காறிப்போன கொழுப்பு ஒரு பக்கம். வாரம் ஒரு நாள் ஒரு மீன் போதும். மீனே உணவு என்று ஆக்கிவிட்டால் அந்தக் கொழுப்பைக் காக்க வேண்டிய வைட்டமின் ஈ தீர்ந்துபோய், உடல் கொழுப்பே மஞ்சளாகி வீங்கி வலிக்கும் நோய் வரும். சில பூனைகளுக்கு மீனும் மாட்டிறைச்சியும் கோழியுமே ஒவ்வாமை தரும். அப்படிப்பட்டவை முகத்தையும் கழுத்தையும் பிய்த்துக்கொள்ளும். அவற்றுக்கு மருத்துவர் சொல்லும் ஒரே புரத உணவை எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஈரலும் மலிவுதான், விரல் நுனியளவு நல்லது. தினமும் ஈரல் தின்ற பூனைகள் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு ஒட்டிப்போய்த் தலை திருப்ப முடியாமல் நின்றதை 1960களில் ஆஸ்திரேலியாவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

முட்டை, மீன் இரண்டும் வீட்டுக்குள் வராத குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுக்கும் பூனை மேல் பிரியம் குறைவில்லை. முழுமையான ட்ரை ஃபுட்டோடு கால் டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய் சேர்த்தால் தோலின் தேவை நிறைவேறும். 'ஹை ஓலிக்' என்று போட்ட சூரியகாந்தி எண்ணெய் மட்டும் வேண்டாம், அதில் லினோலெயிக் அமிலத்தைக் குறைத்திருப்பார்கள். மற்ற கடன்களை அந்தப் பாக்கெட்டுக்குள் இருக்கும் இறைச்சியும், தொழிற்சாலையில் செய்து சேர்த்த டாரினும் அடைத்துவிடும். பாக்கெட்டும் இல்லாமல் வெறும் பருப்புச் சோறு என்றால், பிரியம் இருந்தும் பூனை மெல்ல நோகும்.

தோலும் உரோமமும் ஒரு பூனை தின்னும் புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பார்கள். அவ்வளவு பெரிய உறுப்பு ஒரே வாரத்தில் மாறாது. அடியில் பிறந்த செல் மேலே வந்து சேர ஏறக்குறைய மூன்று வாரம். புதிய சாந்தோடு கட்டிய சுவர் முழுதாகக் கண்ணுக்குத் தெரிய ஆறு, எட்டு வாரம். பலரும் பத்து நாளில் பொறுமை இழந்து அடுத்த பாக்கெட்டுக்குத் தாவுகிறார்கள்.

மார்ச் முதல் வாரம் சீல் பாக்கெட்டுக்கு மாறினேன். வெள்ளிதோறும் மத்தி, இடையில் இரண்டு நாள் அரை மஞ்சள் கரு. கீழ்வீட்டு அம்மா முட்டை வேகவைக்கும் நாளில் மஞ்சள் கருவைத் தனியே எடுத்து வைத்து, "உன் புள்ளைக்கு" என்று மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார். மார்ச் முடிவதற்குள் உதிர்வது குறைந்தது போல எனக்குத் தோன்றியது. ஏப்ரல் கடைசியில் மாஞ்சாரல் பெய்து ஊரே ஈரமானது. அன்று மாலை கறுப்பு முதுகை வாலிலிருந்து கழுத்து வரை எதிர்த் திசையில் நீவிப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒன்றும் ஒட்டவில்லை. உணவு செய்ததா, மழை செய்ததா என்று பிரித்துச் சொல்ல ஒரே பூனை போதாது. அடுத்த பிப்ரவரியில் அதே வெயிலில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும்.